ஊர் சொல்வது இருக்கட்டும், நாம் என்ன சொல்கிறோம்?

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



கூலி உயர்வு, ரேஷன் அட்டை, வாடகை வீடு, கந்துவட்டி என்று பேச எத்தனையோ இருக்க, பெண்பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சென்ற மகளிர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து பேசினார். அவர் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். உபஜில்லா ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். இதற்கிடையே பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள். அந்தத் தாய் கேட்டார்: "காலு தெரிய ஓடுற புள்ளைய நாளைக்கு ஊருல எவன் பொண்ணு கேட்டு வருவான்? பரீட்சை முடிஞ்சதும் எங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிடலாம்னு இருக்கோம்."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பிள்ளை பெற்றவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. விடியற்காலையில் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தி சாயும்வரை பிள்ளை எங்கே, யாரோடு என்று தெரியாது. நம் மொழி பேசாத தெரு. ஒற்றை அறை வீடு, தாழ்ப்பாள் சரியில்லாத கதவு. இந்த நிலையில் பெண்பிள்ளை வைத்திருப்பவனுக்கு அச்சம் வராவிட்டால்தான் வியப்பு. ஆகவே அச்சத்தைக் கேலி செய்ய வேண்டாம். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டு ஆண்பிள்ளை வெளி மைதானத்திலும் பரேட் மைதானத்திலும் பந்து விளையாடப் போகிறான். முழங்கால் தெரியத்தான் விளையாடுகிறான், வெயிலில் கறுக்கிறான், காலைக்கூட உடைத்துக்கொண்டு வருகிறான். "எவள் உன்னைக் கட்டுவாள்" என்று அவனை யாரேனும் கேட்டதுண்டா? இல்லை. அக்காள் ஓடினால் பண்பாடு போய்விடும், தம்பி ஓடினால் பெருமை வரும் என்றால், அந்தப் பண்பாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டாமா?

நான் திறந்து பார்த்தேன் தோழர்களே. உள்ளே ஒரு தண்ணீர்க் குடம் இருந்தது!

சிரிக்காதீர்கள். மேற்குக் கொச்சியில் குடிநீர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். குழாயில் எப்போது வருகிறதோ அப்போது பிடித்தால்தான் உண்டு. காலை 6 மணிக்கு மைதானத்தில் பயிற்சி, அதே 6 மணிக்குக் குழாயடியில் வரிசை. அம்மா மீன் ஏலத்துக்கோ, பண்டகசாலைக்குச் சுக்கு புடைக்கவோ, அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கவோ போயாயிற்று. அப்பா கட்டிட வேலைக்குப் போயாயிற்று. குடத்தை யார் வைப்பது? தம்பிக்கு யார் சோறு போடுவது? பன்னிரண்டு வயதுப் பெண் அந்த வீட்டின் இரண்டாவது தாய். அவள் மைதானத்துக்குப் போனால் வீடு நின்றுவிடும். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே "பண்பாடு" என்கிறோம், "ஊர் என்ன சொல்லும்" என்கிறோம். கூலியில்லாத வேலைக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு, முதலாளி கூலி குறைத்துக் கொடுக்கிறான் என்று கொடி பிடிப்பது பொருந்துமா என்று ஆண் தோழர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, அந்த ஊருக்கு வருவோம். நாம் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் பஸ்ஸோ ரயிலோ ஏறி இங்கு வந்தவர்கள். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் தோபிக்கானாவில் இன்றும் இருக்கிறார்கள். வாத்துருத்தியில் இருப்பவர்கள் நேற்று முன்தினம் வந்தவர்கள். எப்போது வந்தாலும், வந்த அன்று ஊர் எப்படி இருந்ததோ அப்படியே அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் போகிறோம், மொய் எழுதுகிறோம், திரும்பி விடுகிறோம். பெட்டியில் இருக்கும் ஊர் மாறவில்லை. அங்கே இருக்கும் ஊர் மாறிவிட்டது.

அந்த ஊரைக் காட்டுகிறேன். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். அங்கே ரேவதி என்று ஒரு பெண், 1998-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரும் தாயாரும் அடுத்தடுத்து இறந்து போனார்கள். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி. அவர் என்ன செல்வச் சீமாட்டியா? அடுத்தவர் வயலிலும் செங்கற் சூளையிலும் கூலிக்கு உழைத்தவர். உறவுக்காரர்கள் சிலர், "இந்தப் பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு" என்றார்கள். பார்த்தீர்களா? அங்கேயும் பண்பாட்டின் உள்ளே இருந்தது வேலைதான். பாட்டி மறுத்தார். பிள்ளைகள் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்றார்.

ரேவதி ஒரு பள்ளிப் போட்டியில் ஓடியதை விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். பாட்டி உடனே சம்மதித்துவிடவில்லை. நம்மைப் போலத்தான் தயங்கினார். பயிற்சியாளர் பேசிப் பேசித்தான் இசைய வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்தன. காலணி வாங்க வசதியில்லாமல் அந்தப் பெண் வெறுங்காலோடு ஓடினார். 2016-இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் போட்டியிலும் அப்படியே ஓடினார். பிறகு பாட்டியாலா தேசியப் பயிற்சி முகாம். மதுரை ரயில்வேயில் வேலை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 400 மீட்டர் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

அந்த அணியில் ஓடிய நால்வரைக் கவனியுங்கள். ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டவர். நான்காமவர் முகமது அனஸ், கேரளத்துக்காரர். அவர்கள் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், தகுதிச் சுற்றோடு திரும்பினார்கள். ஆனால் இருவர் பெண்ணும் இருவர் ஆணும், தமிழரும் மலையாளியும், ஒரே கோலைக் கைமாற்றி ஓடினார்கள். அதைச் சக்கிமங்கலம் பார்த்தது. "எவன் பெண் கேட்டு வருவான்" என்று அந்த ஊர் அன்று கேட்கவில்லை. சூளையில் உழைத்த அந்த மூதாட்டியின் வீட்டை அமைச்சரும் நிருபரும் தேடி வந்தார்கள். ரேவதியின் தங்கையும் காவல்துறையில் சேர்ந்துவிட்டார். அம்மா வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன தாய்க்குச் சொல்கிறேன்: நீங்கள் எந்த ஊருக்கு அஞ்சி மகளை நிறுத்துகிறீர்களோ, அந்த ஊரில் ஒரு பாட்டி தன் பேத்தியை ஓடவிட்டார்.

"அது தமிழ்நாட்டில். பிழைக்க வந்த இடத்தில் நமக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்கலாம். நமக்கும் முன்னே, நம்மைவிடத் தூரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் மலேசியத் தமிழர்கள். 1966-ஆம் ஆண்டு மலேசியா முதன்முதலாகச் சிறந்த தேசிய விளையாட்டு வீராங்கனை விருதை வழங்கியபோது, அதைப் பெற்றவர் எம். ராஜமணி என்ற பெண். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். பிழைக்கப் போன நாட்டின் கொடியைப் பிழைக்கப் போனவர்களின் மகள் ஏற்ற வைத்தார். வந்தேறி என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, நாம் வந்து சேர்ந்த இந்தக் கேரளம் பெண்கள் ஓட்டத்தில் பெயர் பெற்ற மண் ஆயிற்றே, அது எப்படி நடந்தது? மலையாளிப் பெண்ணின் காலில் ஏதேனும் தனி எலும்பு இருக்கிறதா? இல்லை. 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. நாற்பது பெண்களைச் சேர்த்தார்கள். தங்க இடம், வயிற்றுக்குச் சோறு, பள்ளிப் படிப்பு, ஒரு பயிற்சியாளர், மாத உதவித்தொகை. அந்த நாற்பது பேரில் ஒருத்தி பையோளியிலிருந்து வந்த ஏழை வீட்டுப் பிள்ளை, அவளுக்குக் கிடைத்தது மாதம் 250 ரூபாய். அவள்தான் பி.டி. உஷா. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தாரே, 1986-இல் சியோலில் நான்கு தங்கம் வாங்கினாரே, அந்த உஷா. விதையும் மண்ணும் மட்டும் போதாது, தண்ணீர் பாய்ச்ச ஒரு வாய்க்காலும் வேண்டும். அந்த வாய்க்கால் இந்த மாநிலத்தில் வெட்டியாயிற்று. அதன் கரையிலேயே குடியிருந்துகொண்டு, நம் பிள்ளைகளைத் தாகத்தோடு ஊருக்கு அனுப்புகிறோம்.

கூலிக்காரன் மகளுக்கு இதெல்லாம் எட்டாது என்று நினைக்காதீர்கள். பாலக்காட்டுப் பக்கம் முண்டூரில் விவசாயக் கூலிகளின் மகள் பி.யு. சித்ரா. 2017-இல் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். அப்படியிருந்தும் லண்டன் உலகப் போட்டி அணியில் அவரைச் சேர்க்கவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. இதோ, காயலுக்கு அக்கரையில் எறணாகுளத்தில் இருக்கும் உயர்நீதிமன்றத்துக்கு வந்து வழக்குப் போட்டார். சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. காலம் கடந்துவிட்டது என்று உலகத் தடகள அமைப்பு மறுத்ததால் லண்டனுக்குப் போக முடியவில்லை. ஆனால் 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2019-இல் ஆசியத் தடகளத்தில் மறுபடியும் தங்கம். கூலிக்காரன் மகள் தன் உரிமைக்காக நீதிமன்றப் படியேறினாளே, அந்தத் துணிவை அவளுக்குக் கொடுத்தது எது? தோற்றாலும் மறுநாள் காலை மைதானத்துக்கு வர வேண்டும் என்று கற்றுக்கொடுத்த அந்த ஓட்டம்தான் என்று நான் நம்புகிறேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு இருட்டான பக்கத்தை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நாடே கொண்டாடியது. சில நாட்களில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். கொண்டாடியவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆசியப் பதக்கம் வென்ற அந்தப் பெண் பின்னர் செங்கற் சூளையிலே கூலி வேலைக்குப் போக நேர்ந்தது. பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் நிலையான பயிற்சியாளர் வேலை கிடைத்தது. 2023-இல் டில்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் வாரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்ததையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சாட்சி மாலிக், வினேஷ் போகாட் போன்ற உலகறிந்த பெண்களே பாலியல் தொல்லைப் புகாரைக் கேட்க வைக்க நடைபாதையில் படுத்துறங்க வேண்டியிருந்தது.

ஆகவே தாய்மார்களே, உங்கள் அச்சம் முழுவதும் பொய்யில்லை. ஆபத்து உண்டு. ஆனால் அது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. அரைக்கால் சட்டையில் இல்லை, வெயிலில் கறுத்த நிறத்தில் இல்லை. பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் கேட்க ஆளில்லாத தனிமையில்தான் ஆபத்து இருக்கிறது. தனியாகப் போகிற தொழிலாளியை மேஸ்திரி ஏமாற்றுவான், சங்கமாகப் போனால் ஏமாற்ற மாட்டான். இந்தப் பாடம் நமக்குத் தெரியாததா?

இதே மட்டாஞ்சேரியில் சாப்பா முறை என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். துறைமுக வேலைக்கு ஆள் எடுக்க, கூடி நிற்கும் தொழிலாளர் நடுவே உலோகத் துண்டுகளை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து அதை எடுத்தவனுக்கு அன்று வேலை, கிடைக்காதவனுக்குப் பட்டினி. அந்த இழிவை எதிர்த்து 1953 செப்டம்பர் 15-இல் தொழிலாளர் போராடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிரும் கொடுத்தார்கள். எங்களுக்குத் தேவை எறிந்து பொறுக்கும் அதிர்ஷ்டமில்லை, பெயர் பதிந்து பெறும் உரிமை என்பதுதான் அந்தப் போராட்டத்தின் பொருள்.

நம் பெண்பிள்ளைகளின் வாய்ப்பு இன்றைக்கும் சாப்பாவாகத்தான் இருக்கிறது. ஒரு கண்ணன் தற்செயலாகப் பார்த்தால், ஒரு பாட்டி மனமிரங்கினால், குழாயில் அன்று தண்ணீர் முன்னதாக வந்தால் அவள் ஓடலாம். இல்லையென்றால் மஞ்சள் நீராட்டோடு சரி. தாய்மாமன் சீர் வாங்கியதற்குக் கடன், கடனை அடைக்க முன்பணம், முன்பணத்துக்கு ஈடாக அவளும் வேலைக்கு. பதினெட்டு முடியுமுன்னே மாப்பிள்ளை பார்க்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு, அது சட்டப்படிக் குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"ஓடி என்ன ஆகப் போகிறது" என்று கேட்பவர்களுக்கும் நேராகவே சொல்கிறேன். ஓடுகிற எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக்குக்குப் போக மாட்டார்கள். ஆயிரத்தில் ஒருத்தி போனால் அதிசயம். ஆனால் விடுதியில் இடம் கிடைத்தால் மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் உறுதி. மாநிலப் பள்ளிப் போட்டியில் தேறினால் கிரேஸ் மார்க் உண்டு, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை உண்டு. இதில் ஒன்றும் கிடைக்காமல் போனாலும், பத்தாம் வகுப்போடு நின்றுவிட இருந்த பிள்ளை பன்னிரண்டுவரை பள்ளியில் இருப்பாள். அது போதாதா? 2024 நவம்பரில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா நம் கொச்சியிலேயே நடந்தது. மகாராஜா கல்லூரி மைதானத்தில் ஓட்டப் பந்தயங்கள். தோப்பும்படி வழியாக பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். நம் வீடுகளிலிருந்து போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்... சரி, போகட்டும். அடுத்த முறை பார்க்கப் போகிறவர்களாகவாவது இருப்போம், ஓடப் போகிறவர்களின் பெற்றோராக இருந்தால் இன்னும் நல்லது.

பேச்சோடு கலைந்து போகக் கூடாது. சங்கத்தின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறேன். ஏற்பதும் திருத்துவதும் உங்கள் கையில்.

ஒன்று. வயதுக்கு வந்ததைக் காரணம் காட்டி எந்தப் பெண்ணையும் பள்ளியிலிருந்தோ மைதானத்திலிருந்தோ நிறுத்துவதில்லை என்றும், படிப்பின் நடுவே ஊருக்கு அனுப்புவதில்லை என்றும் நாம் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு. காலைத் தண்ணீர் ஆண்களின் பொறுப்பு. அப்பாவோ அண்ணனோ தம்பியோ குடத்தைத் தூக்கட்டும், தோள் ஒன்றும் தேய்ந்துவிடாது. இதற்குப் பணம் வேண்டாம், அரசாணை வேண்டாம், நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

மூன்று. பயிற்சிக்கும் போட்டிக்கும் போகும் பிள்ளைகளோடு முறை வைத்து இரண்டு தாய்மார்கள் போய்வர வேண்டும். அன்று அவர்கள் இழக்கும் கூலியைச் சங்கம் ஈடுகட்ட வேண்டும். பயிற்சியாளர் யார், எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். கேட்க ஆளிருக்கிறது என்று தெரிந்தாலே பாதித் தொல்லை வராது.

நான்கு. விடுதித் தேர்வு விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது, ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பள்ளியில் இன்னொரு மாதிரி. இதனாலேயே எத்தனையோ பிள்ளைகளுக்கு நாள் கடந்துவிடுகிறது. மலையாளம் எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் இருந்து இந்தத் தாள்களைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். காலணிக்கென ஓர் உண்டியலும் வைப்போம்.

ஐந்து. மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கென நாள்தோறும் ஒரு மணி நேரம், விளக்கு, பூட்டுள்ள கழிப்பறை, பெண் பயிற்சியாளர் ஆகியவை வேண்டும் என்று கொச்சி மாநகராட்சிக்கும் விளையாட்டுக் கவுன்சிலுக்கும் மனுக் கொடுக்க வேண்டும். இதைத் தமிழர் கோரிக்கையாக மட்டும் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மலையாளித் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரும் இதே அச்சத்தோடுதான் இருக்கிறார்கள். அவர்களிடமும் கையெழுத்து வாங்குவோம். மனுவும் அப்போது கனமாக இருக்கும்.

விடுதித் தேர்வுக்கு அதிக நாள் இல்லை. நான் முதலில் சொன்ன பிள்ளைக்கு மட்டுமல்ல, நம் வீடுகளில் இன்னும் பல பிள்ளைகளுக்கு அந்தத் தேதி பொருந்தும். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேசைக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவளிடமும் ஒரு வார்த்தை கேட்போம். இத்தனை நேரம் அவளைப் பற்றி நாம் பேசினோம், இனி அவள் பேசட்டும்.